திரும்பி வந்த கப்பல்கள்: போர்த்துக்கேய நாவல் ஒன்றை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

கப்பல் புறப்படுவதைப் பாடிய கவிஞர் பலர். அது திரும்பி வந்து கரை சேர்ந்ததைப் பாடியவர் மிகச் சிலர். யுலிசஸ் வீடு திரும்பிய கதையைப் பாடிய ஹோமரை விலக்கிவிட்டுப் பார்த்தால், ஐரோப்பியக் கடற்காப்பியம் பாய் விரிக்கும் வேளையிலேயே தனது கவித்துவம் அனைத்தையும் செலவிட்டு விடுகிறது எனலாம். போர்த்துக்கேய மொழியின் தலையாய காப்பியமெனப் போற்றப்படும் ‘லூசியாதஸ்’ இதற்குச் சிறந்த சான்று. 1572ஆம் ஆண்டு அச்சேறிய அந்நூல் 10 காண்டங்களையும் 1,102 செய்யுள்களையும் கொண்டது. வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் லிஸ்பனை விட்டுக் கோழிக்கோடு சேர்ந்த கதையே அதன் பொருள். முதற் செய்யுளிலேயே நமது தீவும் வருகின்றது, தப்ரபேன் என்ற பழைய கிரேக்கப் பெயரோடு. ஆயின் அங்கு மனிதர் வாழும் நிலமாக அது வரவில்லை. வீரர் கடந்து சென்ற எல்லைக் கல்லாகவே வருகின்றது. இக்கல்லில் வாழ்ந்த நம் முன்னோரின் பாடு என்னவாயிற்று என்பதை 1505க்குப் பிந்திய வரலாறு கூறும், காப்பியம் கூறாது.

இத்தனை செய்யுள்களில் திரும்புபயணத்துக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? காதல் தீவொன்றிலே கடற்கன்னியர் வீரர்களுக்கு விருந்தளிக்கின்றனர். பின்னர் ஓரிரு செய்யுள்களில் கப்பல்கள் தேஜோ நதியின் முகத்துவாரத்தில் நுழைந்து விடுகின்றன. உண்மையில் 1497இல் புறப்பட்ட மாலுமிகளில் அரைவாசிப் பேர்கூட 1499இல் ஊர் திரும்பவில்லை. காமாவின் தமையன் பவுலோவும் திரும்பும் வழியிலேயே மாண்டான். பல் ஈறு அழுகி இறந்தோரைக் கடற்கன்னியரின் விருந்து மறைத்து விடுகின்றது. திரும்பி வரும் கப்பலில் இருப்பன மிளகு மூடையும் பிணக்கணக்குமே. அவை காப்பியத்துக்கு உதவா.

அத்திரும்புதலை முழுமையாக எழுதுவதற்கு மேலும் 416 ஆண்டுகள் சென்றன. 1988இல் லிஸ்பனில் வெளியான ‘அஸ் நௌஸ்’ என்னும் நாவலே நாம் இங்கு எடுத்துக்கொண்டது. ‘கப்பல்கள்’ என்பதே அப்பெயரின் பொருள். அந்தோனியோ லோபோ அந்துனேஸ் எழுதிய இந்நாவலைக் கிரெகரி ரபாசா ஆங்கிலத்திலே பெயர்த்துள்ளார்; 2002இல் வெளியான அப்பெயர்ப்புக்குக் ‘கப்பல்களின் திரும்புகை’ என்ற பொருள்படும் தலைப்பு இடப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து போர்த்துக்கலுக்கு மீண்ட குடியேறிகளே அதன் மாந்தர்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. அக்கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஏகாதிபத்தியத்தின் கீழ் நூற்றாண்டுக் கணக்காய் வாழ்ந்த நாடொன்றின் வாசகர், ஏகாதிபத்தியத்தின் குடியேறிகள் மூட்டை முடிச்சோடு திரும்பிய துயரத்தை எவ்வாறு வாசிப்பது? நம் நண்பர்கள் சிலர் இதற்கு ஒரே சொல்லில் விடை பகர்வர்: பிறர் நிலத்தைப் பறித்தவன் அந்நிலத்தை இழந்து அழுதால் அவ்வழுகை அவனோடு போகட்டும், நமக்கென்ன என்பர். வேறு சிலர், துயரம் எவருடையதாயினும் துயரமே, இலக்கியத்தில் கட்சி ஏது என்பர். இரண்டு விடைகளும் நூலைத் திறவாமலே சொல்லக்கூடியவை. அதனாலேயே இரண்டையும் நாம் ஐயுறுகின்றோம்.

முதலிற் குடியேறிகள் யாவர் எனப் பார்ப்போம். ‘ஐந்நூறு ஆண்டுகளாக ஆபிரிக்காவில் வேரூன்றிய மக்கள்’ என்று சலாசாரின் பிரசாரம் அவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. 1951இல் குடியேற்ற நாடுகளுக்குக் ‘கடல்கடந்த மாகாணங்கள்’ எனப் பெயர் மாற்றி, நம்மிடம் குடியேற்ற நாடுகளே இல்லை என்று உலகுக்குச் சாதித்ததும் இதே பிரசாரந்தான். ஆயின் குடிசன மதிப்புக் கூறுவது வேறு. 1940இல் அங்கோலாவில் இருந்த வெள்ளையர் சுமார் 44,000 பேர். 1960இல் சுமார் 1,72,000 பேர். அதாவது பின்னர் பெட்டி கட்டிக்கொண்டு ஓடியோரிற் பெரும்பாலார் அங்கு ஒரு தலைமுறைகூட வாழ்ந்து முடிக்காதவர். போர்த்துக்கலின் வடபுலத்துக் கல்நிலங்களில் உழுது வயிறு நிரம்பாத ஏழை விவசாயியும், ஊரிற் கடன்பட்ட சிறு கடைக்காரனும், தச்சனும், சப்பாத்துத் தைப்பவனும் அவர்களுள் மிகுதி. செலா என்னும் மேட்டு நிலத்தில் அரசு செலவழித்து அமைத்த வெள்ளை விவசாயிகளின் குடியேற்றத் திட்டமும் உண்டு.

தாய்நாட்டில் நிலமில்லாதவன் கப்பலேறி லுவாண்டாவில் இறங்கியதும் எசமானன் ஆகிவிட்டான். அவனுடைய வறுமையைத் தீர்க்கும் பொறுப்பை லிஸ்பன் நிலப்பிரபுக்கள் ஆபிரிக்கரின் தலையிற் சுமத்தினர். 1961 வரை பெரும்பாலான ஆபிரிக்கர் ‘சுதேசிகள்’ எனத் தனிச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டு, கட்டாய உழைப்புக்கும் கட்டாயப் பருத்திச் செய்கைக்கும் உட்படுத்தப்பட்டனர். அவ்வாண்டு சனவரியில் பைஷா த கசாஞ்சேயில் பருத்தி பயிரிட மறுத்த விவசாயிகள் மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. அதே ஆண்டு அங்கோலாவிலும், 1963இல் கினியிலும், 1964இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர் மூண்டது. போரிற் களைத்த இராணுவத்தின் இளம் அதிகாரிகளே 1974 ஏப்பிரில் 25இல் லிஸ்பன் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தனர். 1975 யூன் 25இல் மொசாம்பிக்கும், நவம்பர் 11இல் அங்கோலாவும் சுதந்திரம் பெற்றன. சுமார் ஒன்பது மில்லியன் மக்கள் வாழ்ந்த போர்த்துக்கலில் சுமார் ஐந்து லட்சம் பேர் வந்து இறங்கினர். ஆட்களிற் பெரும் பகுதியினர் விமானங்களில் வந்தனர். சாமான்கள் கப்பல்களில் வந்தன.

அச்சாமான்களைப் பற்றிப் போலந்து நாட்டுப் பத்திரிகையாளர் ரிஷார்ட் கபுஷின்ஸ்கி எழுதியதை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியாது. 1975இன் இறுதி மாதங்களில் லுவாண்டாவில் தங்கியிருந்து அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. ஊரெங்கும் பெட்டி அடிக்கும் சுத்தியல் ஓசை. கல்லாலான நகருக்குள் மரத்தாலான மற்றொரு நகர் எழுகின்றது. பின்னர் அம்மர நகர் முழுவதும் கப்பலேறிக் கடலில் மறைந்து விடுகின்றது. இக்காட்சியில் அவர் காட்டும் ஒரு நுட்பம் எந்தப் பொருளியல் அறிக்கைக்கும் குறைந்ததன்று. செல்வரின் பெட்டிகள் உறுதியான காட்டு மரத்தாலானவை, ஆணி வரிசை பிசகாதவை. ஏழைகளின் பெட்டிகளோ கையில் அகப்பட்ட பலகைத் துண்டுகளால் ஆனவை. குடியேறிகள் ஓர் இனமாக வந்தனர்; வர்க்கங்களாகத் திரும்பினர். (கபுஷின்ஸ்கி நடந்ததோடு புனைவையும் கலந்தார் என அவர் மறைவுக்குப் பின் வாதம் எழுந்தது. எனினும் பெட்டி நகரத்தை அவர் கற்பனையிலிருந்து கட்டவில்லை என்பதற்கு லிஸ்பன் துறையில் எடுக்கப்பட்ட புகைப்படங்களே சாட்சி.)

அப்பெட்டிகளுள் என்ன இருந்திருக்கும்? அலுமாரி, மேசை, கதிரை, சப்பாத்து. இவை யாவும் அவர்களின் முன்னோர் நம் கரையில் இறக்கிவிட்டுச் சென்ற சொற்களே. யாழ்ப்பாணத்து வீடொன்றில் இருந்துகொண்டு அப்பெட்டியின் பட்டியலை மொழிபெயர்ப்பின்றியே நாம் வாசித்துவிடலாம்.

லிஸ்பனில் தேஜோ நதிக்கரையில், பெலெம் என்னுமிடத்தில், கப்பலின் முகப்பு வடிவில் ஒரு பெருஞ் சின்னம் நிற்கின்றது. 1940இல் சலாசார் நடத்திய பொருட்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பப்பட்டு, ஹென்றி இளவரசர் இறந்த ஐந்நூறாம் ஆண்டான 1960இல் நிரந்தரமாகக் கட்டப்பட்டது அது. இளவரசரின் பின்னே மாலுமிகள், பாதிரிமார், கவிஞர் எனக் கல்லுருவங்கள் வரிசையாக ஏறி நிற்கின்றன. வாஸ்கோ ட காமா, பிரேசிலைக் கண்ட கப்ரால், கொங்கோ முகத்துவாரம் சேர்ந்த தியோகோ கௌன், சவேரியார், ‘லூசியாதஸ்’ பாடிய கமோயென்ஸ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். 1975இல் வந்திறங்கிய பெட்டிகள் இச்சின்னத்தின் காலடியிலேயே குவிக்கப்பட்டன. புறப்பட்ட பெருமையும் திரும்பிய சிறுமையும் ஒரே துறையில், ஒரே வெயிலில்.

லோபோ அந்துனேசின் நாவல் இவ்விரண்டையும் இணைப்பதிலேயே பிறக்கின்றது என்பது நம் எண்ணம். கல்லில் நிற்போரை அவர் கீழே இறக்கி, பெட்டிகளுக்குப் பக்கத்தில் வரிசையில் நிறுத்தி விடுகின்றார். கப்ரால் தன் கலப்பின மனைவியோடும் குழந்தையோடும் லுவாண்டாவிலிருந்து வந்திறங்கித் தங்க இடமின்றி அலைகின்றான். அவர்களுக்குக் கிடைக்கும் விடுதிக்கு ‘இந்தியர்களின் அப்போஸ்தலர்’ எனப் பெயர். அதன் உரிமையாளர் சவேரியாரே. அவர் வாடகைக்குப் பதிலாகக் கப்ராலின் மனைவியை இரவுத் தொழிலுக்கு அனுப்புகின்றார். தியோகோ கௌன் குடித்துவிட்டுக் கடற்கன்னியரைத் தேடித் திரிகின்றான். மனுவேல் மன்னன் தகரக் கிரீடத்தோடு வாஸ்கோ ட காமாவை அழைத்துக்கொண்டு நகரில் உலாவுகின்றான். பொலீசார் அவர்களைப் பைத்தியக்காரரென்றே கொள்கின்றனர். லிஸ்பன் என்ற பெயரைக்கூட ஆசிரியர் பழைய எழுத்துக்கூட்டலிலேயே எழுதுகின்றார். ஆற்றில் பாய்மரக் கப்பல்களுக்கு அருகே எண்ணெய்க் கப்பல்கள் நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் ஒரே தெருவில் இடித்துக்கொண்டு நடக்கின்றன.

மன்னார்ப் பகுதி வாசகர் சிலருக்குச் சவேரியாரின் இச்சித்திரம் மனவருத்தம் தரலாம். 1544இல் அவர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்று, யாழ்ப்பாண மன்னனின் வாளுக்கு இரையான மக்களின் நினைவு அங்கு இன்றும் வாழ்கின்றது. அம்மக்களின் விசுவாசத்தை நாவல் இழிவுபடுத்துவதாக நாம் கருதவில்லை. ஆட்சியாளர் தமது துப்பாக்கிக்கு முன்னால் சுமந்து சென்ற சவேரியாரைத்தான் ஆசிரியர் விடுதிக்காரர் ஆக்கியுள்ளார். பயணிகளின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு கணக்கெழுதும் அக்கை, பக்தனின் கையன்று, பண்டகசாலைக்காரனின் கை.

நாவலின் உயிர்நாடி என நாம் கருதுவது லூயிஸ் என்பானின் கதை. இறந்துபோன தன் தகப்பனைச் சவப்பெட்டியில் இட்டு, அப்பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேறுகின்றான். கப்பலின் அடித்தளத்தில் வாஸ்கோ ட காமாவோடும் கையிழந்த ஒரு ஸ்பானியனோடும் சீட்டாடிப் பொழுது போக்குகின்றான். (அந்த ஸ்பானியன் யாரென்பது செர்வாந்தேசை வாசித்தவர்க்குத் தெரியும்.) லிஸ்பன் வந்ததும் பெட்டியைப் புதைக்க இடமில்லை, பணமுமில்லை. சவம் அழுகுகின்றது. சிற்றுண்டிச்சாலை மேசையில் உட்கார்ந்து, கிடைத்த தாளில், லூயிஸ் ஒரு காப்பியத்தை எழுதத் தொடங்குகின்றான். லூயிஸ் என்பது கமோயென்சின் இயற்பெயர்.

இது வெறும் கேலி என்று கொள்வோர் வரலாற்றை மறந்தவராவர். கமோயென்ஸ் உண்மையில் இப்படித்தான் திரும்பினார். 1553இல் சாதாரணப் போர்வீரனாக இந்தியாவுக்குக் கப்பலேறிய அவர், பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கிழக்கில் அலைந்தார். 1569இல் வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ மொசாம்பிக்கில் அவரைச் சந்தித்தபோது, நண்பர்கள் இட்ட உணவில் உயிர் வாழ்ந்து கொண்டிருந்தார். அவரது கடனை அடைத்துக் கப்பற் கூலியும் கொடுத்து 1570இல் லிஸ்பனுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் நண்பர்களே. பேரரசின் மகாகவி அப்பேரரசிலிருந்து வெறுங்கையோடு, பிறர் காசில், திரும்பினார். தனது காப்பியத்தில் திரும்புபயணத்தை ஏன் அத்தனை அவசரமாய் முடித்தார் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாமோ என நமக்குத் தோன்றுகின்றது. தாம் அனுபவித்த திரும்புதலைப் பாடியிருப்பாராயின் அரச மானியம் கிடைத்திராது.

ஆயினும் கமோயென்ஸை அரண்மனைக் கவிஞர் என்று ஒதுக்குவதும் சரியன்று. நான்காம் காண்டத்தின் இறுதியில் கப்பல்கள் புறப்படும் வேளையில், ரெஸ்தேலோக் கரையில் நிற்கும் கிழவன் ஒருவன் குரலெழுப்புகின்றான். புகழாசை, அதிகார வெறி, வீட்டைப் பாழாக்கிப் பிற நாடு தேடும் பேராசை ஆகிய யாவற்றையும் அவன் சபிக்கின்றான். எவரும் அவனுக்கு மறுமொழி கூறவில்லை, கப்பல்கள் போய்விடுகின்றன. சலாசாரின் பாடசாலைகள் மாணவருக்குக் காமாவின் வீரத்தை மனனம் செய்வித்தன. கிழவனின் சாபத்தை மூப்பின் கோழைத்தனமென விளக்கின என்பர். மாபெரும் கலைஞர் தம் வர்க்கத்தின் நோக்கத்தை மீறியும் உண்மையைச் சொல்லிவிடுவர் என்று நம் விமர்சகர்கள் பல்சாக்கை உதாரணம் காட்டி அடிக்கடி எழுதுவர். ரெஸ்தேலோக் கிழவன் பல்சாக்குக்கு இரண்டரை நூற்றாண்டு முந்தியவன். லோபோ அந்துனேஸ் செய்ததெல்லாம், அக்கிழவன் நின்ற அதே கரையில் கப்பல்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியதுதான்.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். 1942இல் லிஸ்பன் மேற்குடியொன்றில் பிறந்து, வைத்தியம் பயின்று, 1971 முதல் 1973 வரை அங்கோலாப் போரில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தவர். பின்னர் மனநோய் வைத்தியர். குடியேறி அல்லர், குடியேறிகளின் பொருட்டுப் பிறரைக் கொல்ல அனுப்பப்பட்ட படையில் ஒருவர். குடியேறிகள் பால் அவருக்குக் கசப்பும் உண்டு. ஒருவகை நெருக்கமும் உண்டு. அவரது வசனம் ஒரே வாக்கியத்துள் ‘அவன்’ என்று தொடங்கி ‘நான்’ என்று முடியும். முதற்பக்கங்களில் இது இடர்ப்பாடாகவே இருக்கும். சிறிது பழகியபின், வெளியே நின்று கணக்குப் பார்க்கும் கண்ணும் உள்ளே நின்று அழும் குரலும் ஒன்றன்மேலொன்று விழுவதை உணரலாம். உத்திக்காக உத்தி செய்வோரை நாம் பாராட்டுவதில்லை. இங்கு உத்தி பொருளிலிருந்து பிறந்தது: தான் செய்ததைப் பிறர் செய்ததாகவும், தனக்கு நேர்ந்ததை வரலாற்றுக்கு நேர்ந்ததாகவும் பேசப் பழகிய ஒரு கூட்டத்தின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

குறைகளைச் சொல்லாது விடலாகாது. முதலாவது, இந்நாவலில் ஆபிரிக்கர் பேசுவதில்லை. கப்ராலின் மனைவி கதையின் மையத்தில் இருக்கின்றாள். அவளது உடல் விலைபோவதில்தான் குடும்பம் உண்கின்றது. ஆயினும் அவளுக்குக் கப்ராலைப் போல் ஒரு பெயரோ கடந்தகாலமோ நினைவில் நிற்கும்படி தரப்படவில்லை. குடியேறி தன் அவமானத்தை அளக்கும் கோலாகவே அவள் நிற்கின்றாள். பேரரசைக் கேலி செய்யும் நூலே பேரரசின் இப்பழக்கத்தைக் கைவிடவில்லை. இரண்டாவது, 1975ஆம் ஆண்டு லிஸ்பனில் தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றியதும், தெற்கில் அலெந்தெஜோ விவசாயக் கூலிகள் பெருநிலங்களில் புகுந்து கூட்டுப் பண்ணை அமைத்ததும் இந்நாவலில் மிக மங்கலாகவே தெரிகின்றன. வந்திறங்கியோரின் கண்ணுக்கு அது வெறும் கூச்சலாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நாவலாசிரியரின் கண்ணும் அவ்வளவே பார்க்க வேண்டுமா?

முடிவைப் பற்றியும் வாதமுண்டு. சயரோக வைத்தியசாலை நோயாளர் கூட்டமொன்று கடற்கரைக்குச் சென்று, 1578இல் மொரோக்கோவில் மாண்ட செபஸ்தியான் மன்னன் மூடுபனியிலிருந்து குதிரைமீது மீண்டு வருவானெனக் காத்திருக்கின்றது. இதனை நசிவு இலக்கியம் என்று ஒதுக்கும் நண்பர்களை நாம் அறிவோம். வழிகாட்டும் நாயகன் எங்கே, நம்பிக்கை எங்கே என அவர்கள் கேட்பர். நாம் இதில் அவர்களோடு உடன்படவில்லை. எதிர்காலமற்ற ஒரு கூட்டத்துக்கு எதிர்காலத்தை ஆசிரியர் இரவல் கொடுத்திருந்தால், அதுவே பொய்யாயிருக்கும். இருமிக்கொண்டு மன்னனுக்குக் காத்திருக்கும் அந்நோயாளரைவிடப் பேரரசுக் கனவைப் பரிதாபமின்றிக் காட்டும் சித்திரத்தை நாம் அண்மையில் வாசித்ததில்லை.

‘திரும்பியவர்’ என்ற சொல்லையும் சற்று ஆராய வேண்டும். 1975இல் வந்தோரைப் போர்த்துக்கேயர் ‘ரெத்தோர்நாதோஸ்’, அதாவது திரும்பியோர் என்றனர். அவர்களுள் ஆபிரிக்காவிலே பிறந்து, போர்த்துக்கலை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள் அநேகர். போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? இச்சொல்லின் பொய் நம்மவர்க்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தொழிலாளரைப் பங்கிட்டு, 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அவர்களுக்குத் தமிழகத்தில் கிடைத்த பெயரும் ‘தாயகம் திரும்பியோர்’ என்பதே. அவர்களிலும் எத்தனையோ பேர் தேயிலை மலையிலே பிறந்து, அக்கரையைக் கண்ணாலும் காணாதவர். சொல் ஒன்றாயினும் நிலை ஒன்றன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். ஒருவர் பிறர் உழைப்பில் வாழச் சென்றவர். மற்றவர் உழைப்பதற்காகவே கொண்டுவரப்பட்டவர். ஒருவரை அவரது அரசு விமானம் அனுப்பி அழைத்து, ஹோட்டல்களிலே தங்க வைத்தது. மற்றவர் புகையிரதத்திலிருந்து இறங்கி வரிசையில் நின்று கப்பலேறினர்.

போர்த்துக்கேய அரசின் வரவேற்பும் எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. மொசாம்பிக் சுதந்திரமடைவதற்கு முதல் நாளாகிய 1975 யூன் 24இல் ஒரு சட்டம் பிறந்தது. ஆபிரிக்க மாகாணங்களில் பிறந்தோருள், போர்த்துக்கலில் பிறந்த பெற்றோரோ பாட்டன் பூட்டனோ உடையவர் மட்டுமே போர்த்துக்கேயராக இருக்கலாம் என அது விதித்தது. நேற்றுவரை ‘மின்யோவிலிருந்து தீமோர் வரை ஒரே மக்கள்’ எனப் பாடம் கேட்ட கறுப்பின மக்கள் ஒரே நாளில் அந்நியராயினர். போர்த்துக்கேய இராணுவத்திலே சேவித்த கறுப்பு வீரரும் அவர்களில் அடங்குவர். இதனைச் செய்தது சலாசார் அரசன்று. புரட்சிக்குப் பின் வந்த அரசு. முற்போக்கு எண்ணம் உடையோர் இவ்வுண்மையை விழுங்கிக்கொண்டு கடந்து போகலாகாது.

கப்பலே வராதவர்களும் உளர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததோடு இத்தீவில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. அவர்களின் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பில் தச்சராகவும் கொல்லராகவும் வாழ்ந்து, மூன்று நூற்றாண்டுக்குமேல் தமது கலப்பு மொழியைப் பேசி வந்தனர். லிஸ்பன் அவர்களைத் தேடவில்லை. அவர்களும் லிஸ்பனுக்குப் பெட்டி கட்டவில்லை.

லோபோ அந்துனேசுக்குப் பின் இப்பொருளை எழுதியோருள் இருவரைக் குறிப்பிடலாம். இருவரும் பெண்கள், இருவரும் 1975இல் சிறு பிராயத்தினர். துல்சே மரியா கார்தோசோவின் ‘ஓ ரெத்தோர்னோ’ 2011இல் வெளியானது. லுவாண்டாவிலிருந்து வந்து கடற்கரையோர ஆடம்பர ஹோட்டலொன்றில் அகதியாக அடைக்கப்பட்ட ஓர் இளைஞனின் வாய்மொழி அது. நேர்மையான நாவல், கண்ணீரை அளந்து விடும் நாவல். எனினும் குடியேறி எதை இழந்தான் என்பதே அதன் முதற் கேள்வியாக இருக்கின்றது.

இசபெலா பிகெயிரேதோவின் கேள்வி வேறு. 1963இல் லொரென்சோ மார்க்கேசில் பிறந்த அவர், 2009இல் வெளியிட்ட நினைவு நூலில் தன் தகப்பனையே கூண்டில் ஏற்றுகின்றார். தகப்பன் மின்சார வேலை செய்விப்பவர். மகள்மீது அளவற்ற அன்புடையவர். தன் கீழ் வேலைசெய்த கறுப்பினத் தொழிலாளரை ஏசுவதிலும் அடிப்பதிலும் தயக்கமில்லாதவர். தனியே விமானமேற்றி அனுப்பப்பட்ட சிறுமியிடம் குடியேறிகள் ஒரு செய்தியை ஒப்படைக்கின்றனர்: கறுப்பர் நமக்குச் செய்த கொடுமைகளை அங்கு போய்ச் சொல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்திறவாதிருந்த பின் அவர் எழுதியதோ, நாம் அவர்களுக்குச் செய்தவற்றை. ஒப்படைத்த செய்தியைச் சேர்ப்பிக்க மறுத்தமையால் தகப்பனுக்குத் துரோகி ஆனோம் என்ற வேதனை நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் கிடக்கின்றது. தகப்பனை வெறுத்து எழுதியிருந்தால் இது வெறும் பிரசுரமாய் முடிந்திருக்கும். நேசித்துக்கொண்டே குற்றஞ்சாட்டுவதுதான் கடினம். கலைநயத்தில் லோபோ அந்துனேசே மேலானவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்விக்கு நெருங்கிய விடை தந்தவர் இந்தப் பெண்ணே. குடியேறியின் துயரை வாசிக்கலாம். அத்துயரின் விலையை யார் செலுத்தினர் என்ற கணக்கும் அதே பக்கத்தில் இருத்தல் வேண்டும். லூயிசின் தகப்பன் சவப்பெட்டியில் அழுகுகின்றான். இசபெலாவின் தகப்பன் உயிரோடு நின்று விளக்கம் கேட்கப்படுகின்றான்.

இவ்வளவு நூல்களிலும் ஒருவனை நாம் தேடிக் கண்டிலம். அம்மரப் பெட்டிகளைத் தோளிற் சுமந்து கப்பலேற்றிய லுவாண்டாத் துறைமுகத் தொழிலாளியே அவன். எசமானின் அலுமாரி கடைசியாகக் கரையை விட்டு நீங்கியபோது அவன் என்ன நினைத்தான்? அவனது குரலைக் கேட்க விரும்புவோர் வேறொரு மரபுக்குச் செல்ல வேண்டும். லுவாந்தினோ வியேரா 1935இல் போர்த்துக்கலில் பிறந்து, குடியேறிகளின் மகனாக லுவாண்டாவின் சேரிகளருகே வளர்ந்து, விடுதலை இயக்கத்தோடு சேர்ந்து, கேப் வேர்தேயின் தராஃபால் சிறையிலே பல ஆண்டுகள் கிடந்தவர். சேரி மக்கள் கிம்புந்துச் சொற்களைக் கலந்து பேசும் போர்த்துக்கேயத்தில் அவர் எழுதிய ‘லுவாந்தா’ என்னும் கதைநூலுக்கு 1965இல் போர்த்துக்கேய எழுத்தாளர் சங்கம் பரிசளித்தது. சிறையிலிருப்பவனுக்குப் பரிசா என்று சினந்த அரசு சங்கத்தையே மூடிவிட்டது. 1975இல் மற்றக் குடியேறிகள் பெட்டி கட்டியபோது அவர் அங்கோலாப் பிரசையாக லுவாண்டாவில் இருந்தார். பிற்காலத்தில் அவரும் போர்த்துக்கலில் போய் வாழ்ந்தார். 2006இல் கமோயென்சின் பெயரிலுள்ள பெரும் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் அதனை ஏற்கவில்லை. அக்கதைகளைப் பற்றித் தனியே எழுத எண்ணியுள்ளோம்.